நோயாளியின் மொழியில் வைத்தியம்: மானிப்பாய் டொக்டர் கிறீன்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு, மருத்துவப் பணியில் சிறந்த ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுச் சகோதரிகள் கேட்டார்கள். பெண் வைத்தியர் ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நான் தேர்ந்தெடுத்தவரோ எமது சங்கம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே காலமான ஓர் அமெரிக்கர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் செய்தவர். அவரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆண்டு ஒன்பதில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் அத்தை ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு ஒருநாள் பேர் போவது சின்ன விடயமல்ல. வருத்தம் தாங்க முடியாமல் போனபிறகுதான் புறப்பட்டார். அத்தைக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியும். கல்லூரிச் சீருடையோடு நான் துணைக்குப் போனேன். அங்கிருந்த வைத்தியர் நல்லவர், பொறுமையானவர். மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இரத்தம் படுகிறதா என்று அத்தையிடம் கேட்கச் சொன்னார். கேள்வி எனக்கு விளங்கியது. ஆனால் அதை அத்தையின் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்க வாய் வரவில்லை. வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது என்றார் அத்தை. குளிசை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். ஒரு வருடம் கழித்து, வேறோர் ஆஸ்பத்திரியில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அப்போது காலம் கடந்திருந்தது.

இந்த மலரைக் கையில் எடுக்கும் உங்களில் பலர் இப்படித் தாய்க்கோ பாட்டிக்கோ மொழிபெயர்க்கப் போனவர்களாகவே இருப்பீர்கள். எதையாவது விட்டுவிட்டோ மாற்றிச் சொல்லியோ வந்திருப்பீர்கள். பின்னர் மருத்துவ பீடத்தில் படித்தபோதுதான், 1857ஆம் ஆண்டிலேயே பிரசவ வைத்தியம் பற்றித் தமிழில் ஒரு நூல் அச்சாகியிருந்தது என்பதை அறிந்தேன். என் வாயில் வராத சொற்களை நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பே ஒருவர் தேடித் தேடி அச்சில் ஏற்றி வைத்திருந்தார். அவர்தான் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் என்ற குடும்பப் பண்ணையில் பிறந்தார். உடன்பிறந்த அண்ணன் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் பின்னாளில் நியூயோர்க் நகரின் சென்றல் பார்க் உருவாக உழைத்துப் பெயர் பெற்றவர். தம்பியும் நியூயோர்க்கில்தான் மருத்துவம் படித்தார்; 1845இல் பட்டம் பெற்றார். அந்த நகரத்திலேயே தொழில் செய்து வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ அமெரிக்க மிசனில் சேர்ந்து, 1847இல் கப்பலேறி, அந்த ஆண்டின் ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அமெரிக்க மிசனார் 1816 முதலே யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். கிறீனுக்கு முன்பு பண்டத்தரிப்பில் டொக்டர் ஜோன் ஸ்கடரும், வட்டுக்கோட்டையில் டொக்டர் நேதன் வார்டும் வைத்தியம் பார்த்திருந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அந்த ஜோன் ஸ்கடரின் பேத்தியே. கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். 1848இல் மானிப்பாய்க்கு வந்து ஒரு மருந்துச்சாலையை நடத்தத் தொடங்கினார். அதே ஆண்டில் சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவ வகுப்பும் ஆரம்பித்தார். கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றியது 1870இல்தான். அதற்கு இருபத்திரண்டு வருடங்கள் முந்தியது மானிப்பாய் வகுப்பு.

வாந்திபேதியும் அம்மையும் ஊர் ஊராகக் கொண்டுபோன காலம் அது. ஒரு வைத்தியர் எத்தனை வீட்டுக்கு நடப்பார்? தான் ஒருவன் மருந்து கொடுப்பதால் குடாநாட்டின் தேவை தீராது என்பதைக் கிறீன் வந்த சில மாதங்களிலேயே கண்டுகொண்டார். அதனால் நோயாளியைப் பார்ப்பதும் மாணவனுக்குக் கற்பிப்பதும் அவருக்கு ஒரே வேலையாகிவிட்டன. காலையில் மருந்துச்சாலைக்கு வரும் நோயாளிகளே மாணவர்களின் பாடம்.

1850இல் யாழ்ப்பாண நகரில் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. அப்போது அரசாங்க அதிபராக இருந்த டைக் துரையின் முயற்சியில், ஏழைகளுக்கு உதவும் நோக்கில் அமைந்த நட்புதவிச் சங்கம் ஒன்று மக்களிடம் பணம் திரட்டி அதை நடத்தியது. இலாபம் அதன் நோக்கமல்ல. கொடுக்க வசதியுள்ளவர் சந்தா கொடுத்தார்கள். இல்லாதவர் வந்து மருந்தும் கட்டிலும் பெற்றார்கள். கிறீனும் அவரிடம் கற்றவர்களும் அங்கே வைத்தியம் பார்த்தார்கள். பிற்காலத்தில் அந்த ஆஸ்பத்திரியை அரசாங்கம் பொறுப்பேற்றது. இன்று வடமாகாணம் முழுவதற்கும் பெரிய வைத்தியசாலையான யாழ் போதனா வைத்தியசாலை அதன் வழிவந்ததுதான். ஊரார் போட்ட காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டியதில்லை.

ஆனால் கிறீனின் வாழ்க்கையில் என் மனதைப் பிடித்தது வேறொன்று.

தொடக்கத்தில் அவர் மாணவர்களுக்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணவர்கள் நன்றாகப் படித்தார்கள், தேறினார்கள். தேறியதும் பலர் அரசாங்க உத்தியோகம் தேடிப் புறப்பட்டார்கள். ஆங்கிலமும் மருத்துவமும் தெரிந்தவனுக்குச் சம்பளமும் மரியாதையும் தரும் இடங்கள் வெளியே நிறைய இருந்தன. கிராமத்தில் உட்கார்ந்து வாழைக்காயும் நெல்லும் கூலியாக வாங்க யார் விரும்புவார்? ஊருக்கென்று பயிற்றிய வைத்தியன் ஊரை விட்டுப் போகிறான் என்பதைக் கிறீன் வருடா வருடம் பார்த்தார். அவர்களைத் திட்டிப் பயனில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. கற்பிக்கும் முறையிலேயே பிழை இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

அந்த முடிவு தமிழ். மருத்துவத்தைத் தமிழில் படித்தவன் தமிழர் நடுவே இருப்பான். நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்வான். தாய்மாருக்குச் சுகாதாரம் சொல்லிக் கொடுப்பான். இதுதான் அவர் கணக்கு. மாணவர்கள் தம்முடைய உடையையும் உணவையும் விட்டு வெள்ளைக்காரரைப் போல மாறுவதையும் அவர் விரும்பவில்லை. அவர் மிசனாரி, மக்களைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவருவதே தன் முதல் கடமை என்று நம்பியவர். அதை மறைத்து அவரை வெறும் மொழிப்பற்றாளராகக் காட்டுவது உண்மையாகாது. ஆனால் மதம் மாறினாலும் தமிழர் தமிழராகவே இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்தக் காலத்தில் அப்படி நினைத்த வெளிநாட்டார் அதிகமில்லை.

தமிழில் கற்பிப்பதென்றால் புத்தகம் வேண்டும். புத்தகம் எழுதச் சொல் வேண்டும். 1857இல் கிறீன் விடுமுறையில் அமெரிக்கா சென்றார். அங்கே மார்கரட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து 1862இல் மனைவியோடு திரும்பி வந்தார். வந்தபின் தமிழ் வழி வகுப்பு முழுமூச்சாகத் தொடங்கியது. தமிழ்ச் சொல் கிடைத்தால் அதை வைத்தார். கிடைக்காத இடத்தில் வடமொழியிலிருந்து எடுத்தார். அதுவும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப எழுதினார். இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டது இந்த வழியில்தான். சொற்களைத் திரட்டி அகராதிப் பட்டியல்களும் வெளியிட்டார். இந்த வேலையில் தமிழ் கற்ற அறிஞர்களும், டான்வோர்த், சப்மன் முதலிய அவருடைய மாணவர்களும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள்.

அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் அவருடைய முதற் பெரும் முயற்சி. உடலின் அமைப்பு, தொழில், நலம் பேணல் ஆகிய மூன்றையும் ஒரே நூலில் சொல்வது. அதன்பின் பிரசவ வைத்தியம். 1867இல் சத்திரசிகிச்சை பற்றிய இரணவைத்தியம். 1872இல் கிறேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் வந்தது. நானும் என்னுடன் படித்தவர்களும் இரவு பகலாகப் புரட்டிய அதே கிறே. அவ்வாண்டே நோயும் சிகிச்சையும் பற்றிய வைத்தியாகரம் வெளிவந்தது. 1875இல் கெமிஸ்தம். எல்லாம் சேர்த்தால் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். மின்விளக்கும் தட்டச்சும் இல்லாத காலத்தில், நோயாளிகளைப் பார்த்துவிட்டு மிஞ்சிய நேரத்தில் செய்த வேலை இது.

உடல்நலம் குன்றியதால் 1873இல் கிறீன் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். பிறந்த பண்ணையில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைத் தொடர்ந்து திருத்தினார். மனித உடற்றொழிலியல் பற்றிய மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே 28ஆம் திகதி அவர் காலமானார். கல்லறையில் தன்னைத் தமிழரிடையே பணிசெய்த மருத்துவ ஊழியன் என்று குறிக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். வூஸ்டர் நகரில் உள்ள அந்தக் கல் இன்றும் அப்படியே சொல்கிறது. அவரிடம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவம் கற்றார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் கற்றவர்கள். மானிப்பாய் ஆஸ்பத்திரி கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது.

அவருடைய பணியில் நிலைத்தவை எவை, நிலைக்காதவை எவை என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிகள் நிலைத்தன. தமிழில் மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. அவர் போனபின் அந்த வகுப்பைத் தாங்குவாரில்லை. கொழும்பில் ஆங்கிலத்தில் படித்தவனுக்கே அரசாங்க உத்தியோகம் என்றான பிறகு தமிழ்ப் பாடநூல்கள் அலுமாரியில் உறங்கின. 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தோன்றியபோதும் பாடமொழி ஆங்கிலமே. நானும் ஆங்கிலத்தில் படித்தவள்தான். அதனால் எனக்குக் கிடைத்த உலக அறிவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

இன்னொரு குறையும் உண்டு. அவருடைய வகுப்பில் பெண்கள் இல்லை. பிரசவ வைத்தியம் தமிழில் இருந்தது. அதைப் படித்தவர்கள் ஆண்கள். ஆண் வைத்தியரைப் பிரசவ அறைக்குள் விடாத வீடுகளில் அந்த நூல் வாசலோடு நின்றிருக்கும். அவர் காலமாகிப் பதினான்கு வருடங்களின் பின், 1898இல்தான் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மேரி லீச், மார்கரட் லீச் என்ற இரு சகோதரிகள் ஊர் ஊராகப் பணம் திரட்டி எழுப்பியது அது. அங்கே பெண் வைத்தியர்கள் வந்தார்கள். எம்மவர் பெண்கள் தாதியராகப் பயின்றார்கள். கிறீன் விட்ட இடத்தைப் பெண்கள்தான் வந்து நிரப்பினார்கள்.

இனி எங்கள் மலைக்கு வருவோம். கிறீன் மானிப்பாயில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த அதே வருடங்களில், எங்கள் பாட்டன் பாட்டிமார் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். தோட்டப் பகுதிகளில் வைத்திய வசதி வேண்டுமென்று சட்டம் வந்தது 1872இல். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. திம்புள்ள தேயிலை உலகப் புகழ் பெற்றது. தோட்டத்து வைத்தியமோ தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே நெடுங்காலம் இருந்தது. ஒரு மருந்துச்சாலை, ஒரு டிஸ்பென்சர் ஐயா, ஒரு மருத்துவிச்சி. எங்கள் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்தவர். கசப்புத் தண்ணிதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நாங்கள் அவரைக் கேலி செய்ததுண்டு. ஆனாலும் அவரிடம் எங்கள் அம்மாமார் தமிழில் பேசினார்கள். பேசிய பேச்சு அவருக்கு விளங்கியது.

இப்போது அரசாங்க வைத்தியசாலைகள் வந்திருக்கின்றன. இந்திய உதவியோடு கட்டிய டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. கட்டிலும் கருவியும் முன்பைவிட அதிகம். தமிழ் தெரியாத வைத்தியர்களும் தாதியரும் இரவு பகலாக எங்கள் மக்களைக் காப்பாற்றுகிறார்கள்; அவர்களோடு வேலை செய்தவள் என்ற முறையில் அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனாலும் மொழி ஒரு மருத்துவக் கருவி. மார்பில் இறுக்கமா, எரிச்சலா, குத்தலா என்று பிரித்துக் கேட்க முடியாதபோது சோதனை தவறும். காலையில் ஒன்று, இரவில் இரண்டு என்று எழுதியதை வாசிக்க முடியாதபோது மருந்தே நஞ்சாகும். கூட வந்த சிறுமி வெட்கப்பட்டு ஒரு கேள்வியை விழுங்கும்போது என்ன நடக்கும் என்பதை நான் மேலே சொல்லிவிட்டேன்.

கிறீன் கண்ட மற்றத் துன்பமும் தீரவில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களில் என் நண்பர்கள் உண்டு. இந்த மலரை லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாசிக்கப்போகும் எங்கள் பழைய மாணவிகளும் உண்டு. யாரையும் நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளின் பாலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றவர்கள் எடுத்த முடிவு அது. கிறீனும் போனவர்களைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கவில்லை. இருக்கக்கூடியவர்களை உருவாக்கினார். தானே ஊர் திரும்ப வேண்டி வந்தபோதும், வூஸ்டரில் இருந்து மானிப்பாய்க்கான வேலையைச் செய்தார். தூரத்தில் இருப்பவர்களும் செய்யக்கூடியது உண்டு என்பதற்கு அந்தப் பதினொரு வருடங்கள் சாட்சி.

ஆகவே சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டுக்கு என்னிடம் இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன.

முதலாவது, ஒவ்வொரு வருடமும் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியையாவது தாதியாகவோ குடும்பநல மருத்துவமாதுவாகவோ ஆக்குவதற்கு வேண்டிய செலவைப் பழைய மாணவிகள் பகிர்ந்துகொள்வது. டொக்டர் ஆவதற்கு மட்டும் கைதட்டும் பழக்கத்தை நாம் கொஞ்சம் தளர்த்தலாம். லயத்து வாசலுக்குப் போய்க் கர்ப்பிணிப் பெண்ணோடு தமிழில் பேசுகிறவள் மருத்துவமாதுதான்.

இரண்டாவது, ஒரு சொற்கொப்பி. எங்கள் அம்மாமார் தங்கள் உடம்பைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள், எந்த வலிக்கு என்ன சொல், மாதவிலக்குக்கும் வெள்ளைபடுதலுக்கும் தலைசுற்றுக்கும் தோட்டத்தில் என்ன பெயர் என்பதையெல்லாம் எழுதி, பக்கத்திலே சிங்களமும் ஆங்கிலமும் வைத்து, எங்கள் பகுதி வைத்தியசாலைகளுக்குக் கொடுப்பது. இதற்குப் பட்டம் தேவையில்லை. உங்கள் அம்மாவிடம், அம்மாயியிடம், அத்தையிடம் கேட்டு எழுதினால் போதும். நான் முதல் முப்பது பக்கங்களை எழுதி வைத்திருக்கிறேன். கல்லூரியில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதவும் அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். வெளிநாட்டிலுள்ள சகோதரிகள் தங்கள் சொற்களைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள்.

என் கிளினிக்குக்குத் தாயோடு சீருடையில் வரும் பிள்ளைகளை நான் இப்போதும் அடிக்கடி காண்கிறேன். வெளி வாங்கில் போய் இருந்து வீட்டுப்பாடத்தைப் பார் என்று அவர்களை அனுப்பிவிடுவேன். கதவைச் சாத்திவிட்டு, கேட்க வேண்டியதை அந்தத் தாயிடம் நானே கேட்பேன்.